செயற்கைச் சுவாசத்தில் நுரையீரல் விரிதிறன் அளவீடு

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் நுரையீரல் எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு விரிகிறது, காற்றுப்பாதை எவ்வளவு தடை தருகிறது என்பவற்றைப் படுக்கையருகிலேயே அளந்தறியும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். நிமோனியா, இரத்தத் தொற்று, பெருங்காயம் போன்றவற்றால் நுரையீரல் முழுதும் அழன்று நீர்கோக்கும் கடும் சுவாச இடர் நோயில், அதாவது மருத்துவர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்லும் நோயில், இந்த அளவீடு சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

அளக்கும் விதம் எளிது. கருவி காற்றைச் செலுத்தி முடித்ததும் அரை விநாடி மூச்சை நிறுத்திவைப்பார்கள். காற்றோட்டம் நின்றதும் காற்றுப்பாதையின் தடைக்குச் செலவான அழுத்தம் மறைந்துவிடும். மீந்து நிற்பது நுரையீரலும் மார்புக்கூடும் சுருங்கத் துடிப்பதால் எழும் அழுத்தம். இதற்குப் பிளாட்டோ அழுத்தம் என்று பெயர். மூச்சு வெளியேறிய பின்னும் நுண்ணறைகள் மூடிக்கொள்ளாதிருக்கக் கருவி விட்டுவைக்கும் அழுத்தம் பீப். 400 மி.லி. காற்று உள்ளே போய், பிளாட்டோ 30 செ.மீ. நீரளவும் பீப் 10 செ.மீ. நீரளவும் இருந்தால், 400-ஐ இரண்டின் வேறுபாடான 20-ஆல் வகுக்க வேண்டும். செ.மீ.க்கு 20 மி.லி. என்பதே அந்த நோயாளியின் விரிதிறன். 1988-இல் மர்ரே குழுவினர் வகுத்த நுரையீரல் பாதிப்பு மதிப்பெண் முறையில், 80-உம் அதற்கு மேலும் இருந்தால் சுழியம். 19-உம் அதற்குக் கீழும் இருந்தால் மிக மோசமான 4. நோயாளி தானாக மூச்சிழுத்தால் கணக்கு பிழைத்துவிடும். அவர் அமைதியாக இருக்கும்போது அளப்பதே சரி.

இந்த அறிவின் வேர் உடலியல் ஆய்வகங்களில் இருக்கிறது. நுரையீரலுக்குத் தானே சுருங்கும் இயல்பு உண்டென்பதை 1820-இல் லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கார்சன் விலங்குகளின் நுரையீரல்களைக் கொண்டு காட்டினார். 1929-இல் கர்ட் ஃபான் நீர்கார்ட், காற்றைவிடத் திரவத்தால் நிரப்பும்போது நுரையீரல் குறைந்த அழுத்தத்திலேயே விரிவதைக் கண்டார். சுருங்கும் விசையின் பெரும்பகுதி நுண்ணறைகளின் ஈரப்பரப்பில் உண்டாகும் பரப்பு இழுவிசை என்பது அதனால் புலப்பட்டது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் போர்க்கால விமானிகளின் சுவாசத்தை ஆராய்ந்த ரான், ஓட்டிஸ், சாட்விக், ஃபென் ஆகியோர் 1946-இல் அழுத்தம்–கொள்ளளவு வரைபடத்தை வெளியிட்டனர். பின்வந்த அனைவரும் அந்த வரைபடத்தின் மொழியிலேயே பேசினார்கள்.

நோய்க்கு முகம் கிடைத்தது 1967-இல். டென்வரில் ஆஷ்பாவும் பெட்டியும் உள்ளிட்ட நால்வர், ஆக்சிஜன் கொடுத்தும் நீலம்பாரிப்பு தீராத, விரிதிறன் வெகுவாகக் குறைந்த 12 நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினர். பீப் கொடுக்கப்பட்ட ஐவரில் மூவர் பிழைத்தார்கள். கொடுக்கப்படாத எழுவரில் இருவர். எவ்வளவு பீப் கொடுப்பது என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. 1975-இல் சூட்டர், ஃபேர்லி, ஐசன்பெர்க் ஆகியோர் 15 நோயாளிகளை ஆராய்ந்து, விரிதிறன் உச்சத்தைத் தொடும் பீப் அளவிலேயே திசுக்களுக்கு ஆக்சிஜன் மிக நன்றாகப் போய்ச்சேர்கிறது என்று காட்டினர். அளவீடு சிகிச்சைக்கு வழிகாட்டலாம் என்று அந்தச் சிறிய ஆய்வு விதைத்த நம்பிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து வந்தது பெருஊசிக்குழல். நோயாளியைக் கருவியிலிருந்து கழற்றி, பெரிய ஊசிக்குழலால் சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி அழுத்தத்தைக் குறித்து, முழு வரைபடத்தையும் தீட்டினார்கள். பாரிஸை அடுத்த கிரெத்தேயில் மத்தாமிஸ் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வளைவின் அடியில் ஒரு முறிவு தெரியும். அதற்குக் கீழே நுரையீரல் விறைப்பாகவும் மேலே இளக்கமாகவும் இருக்கும். மூடிய நுண்ணறைகள் எல்லாம் அந்தப் புள்ளியில் திறந்துவிடுகின்றன என்று அன்று நம்பினார்கள். நுண்ணறைகள் வளைவு நெடுகத் திறந்துகொண்டே போகின்றன என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

இந்த வரலாற்றின் திருப்புமுனை, என் மதிப்பீட்டில், மிலானில் லூசியானோ கத்தினோனி 1980-களில் நோயாளிகளைச் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததுதான். எக்ஸ்-ரேயில் சீராக வெளுத்துத் தெரிந்த நுரையீரல், சி.டி.யில் துண்டுபட்டிருந்தது. முதுகுப்பக்கம் காற்றின்றி அமுங்கிக் கிடந்தது. முன்பக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் திறந்திருந்தது. அளந்த விரிதிறனோ, திறந்திருந்த அந்தப் பகுதியின் அளவையே ஒத்திருந்தது. அமுங்கிய பகுதியோடு அதற்குத் தொடர்பே இல்லை. பெரியவரின் மார்புக்குள் ஐந்தாறு வயதுக் குழந்தையின் அளவே நுரையீரல் எஞ்சியிருக்கிறது என்ற கருத்து இங்கிருந்து எழுந்தது; ‘குழந்தை நுரையீரல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். விறைத்துப்போனது என்று எல்லோரும் எண்ணியது உண்மையில் சிறுத்துப்போயிருந்தது. எண் பழையது, அதன் பொருள் முற்றிலும் புதியது.

அன்று கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. வரை காற்றுச் செலுத்துவது வழக்கம். அந்தச் சிறிய பகுதிக்குள் அவ்வளவையும் திணித்தால் என்ன நேரும் என்பதற்கான எச்சரிக்கை விலங்காய்வுகளில் இருந்தது. 1974-இல் வெப், டியர்னி இருவரும் உயர் அழுத்தத்தில் சுவாசம் கொடுத்த எலிகளின் நுரையீரலில் விரைவிலேயே நீர்கோத்தது. 1988-இல் ட்ரைஃபுஸ் குழுவினர் எலிகளின் மார்பைக் கட்டி, அழுத்தம் உயர்ந்தும் நுரையீரல் அதிகம் விரியாதபடி செய்தபோது அந்தச் சேதம் தோன்றவில்லை. மிகை விரிவே கேடு செய்கிறது.

சாவோ பாவ்லோவில் அமாட்டோ 53 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, வளைவின் கீழ்முறிவுக்கு மேலே பீப்பை வைத்து, குறைந்த காற்றும் செலுத்தினார். 1998-இல் வந்த முடிவில் 28 நாள் இறப்பு 71 விழுக்காட்டிலிருந்து 38-ஆகக் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது என்ற ஐயம் எழுந்தது. 2000-இல் அமெரிக்க ஏ.ஆர்.டி.எஸ். வலையமைப்பு 861 நோயாளிகளிடம் கிலோவுக்கு 12 மி.லி.யையும் 6 மி.லி.யையும் ஒப்பிட்டது. இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31-க்கு இறங்கியது. இங்கே கிலோ என்பது தராசில் காணும் எடை அல்ல; உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணிக்கப்படுவது. உடல் பருத்தாலும் நுரையீரல் வளர்வதில்லை. பிளாட்டோவை 30 செ.மீ. நீரளவுக்குள் வைக்கும் வழக்கம் இந்த ஆய்வால் உலகெங்கும் பரவியது.

அந்த 30 எல்லோருக்கும் ஒரே பொருள் தராது. பருத்த உடலிலும் வீங்கிய வயிற்றிலும் அழுத்தத்தின் ஒரு பங்கு மார்புக்கூட்டைத் தள்ளவே போய்விடும். அதைப் பிரித்தறிய உணவுக்குழாயில் மெல்லிய பலூனை இறக்கி, நுரையீரலைச் சூழ்ந்த அழுத்தத்தை மதிப்பிடுகிறார்கள். பாய்டென்டைக் 1949-இல் கையாண்ட உத்தி இது. 2008-இல் பாஸ்டனில் டால்மோர் குழுவினர் இதைக்கொண்டு பீப்பைத் தீர்மானித்தபோது, 61 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் ஆக்சிஜன் அளவு மேம்பட்டது. 2019-இல் 200 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலோ, வழக்கமான உயர் பீப் முறையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

2015-இல் அமாட்டோ, ஒன்பது ஆய்வுகளின் 3,562 நோயாளிகளின் தரவுகளை மீண்டும் அலசினார். பிளாட்டோவிலிருந்து பீப்பைக் கழித்தால் கிடைக்கும் டிரைவிங் பிரஷரே உயிர்பிழைப்போடு மிக நெருங்கியது என்பது அவர் முடிவு. செலுத்தும் காற்று எஞ்சியிருக்கும் நுரையீரலுக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்த ஒற்றை எண் சொல்கிறது. ஆனால் 2017-இல் வந்த ஆர்ட் ஆய்வை ஒவ்வொரு தீவிர சிகிச்சை மருத்துவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1,010 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு உயர் அழுத்தத்தால் நுரையீரலைத் திறந்து, விரிதிறன் உச்சமாகும் இடத்தைத் தேடி பீப் வைத்தார்கள். டிரைவிங் பிரஷர் குறையத்தான் செய்தது. ஆனால் 28 நாள் இறப்பு 55.3 விழுக்காடு, வழக்கமான முறையில் 49.3.

நோயை வரையறுக்கும் 2012-ஆம் ஆண்டின் பெர்லின் வரையறை, கடுமையான நிலைக்கு விரிதிறன் 40 அல்லது அதற்குக் கீழ் என்ற நிபந்தனையை வரைவில் வைத்திருந்தது. இறப்பை முன்கணிக்க அது கூடுதலாக உதவவில்லை என்று தெரிந்ததும் நீக்கியது. 2020-இல் கொரோனா நோயாளிகள் சிலரிடம் ஆக்சிஜன் வீழ்ந்தும் விரிதிறன் ஓரளவு நன்றாகவே இருப்பதைக் கண்ட கத்தினோனி, இதை வேறு வகை நோயாகக் கருதலாம் என்றார். பின்னர் வந்த பெரிய தொகுப்புகளில் அவர்களின் விரிதிறன் பழைய ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளின் அளவுகளைப் பெரிதும் ஒத்திருந்தது.