கொசுமெல் தீவில் ஒரு பகல்: கப்பல் உங்களுக்காகக் காத்திருக்குமா?

கரீபியன் குரூஸ் புக் பண்ணியாச்சா? மெக்சிகோவின் கொசுமெல் தீவு உங்கள் பயணத்தில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இறங்கும் முன் ஒரு விஷயம்: மொபைல் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்.

தீவு இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மயாமியில் மாற்றுகிறார்கள். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், உங்கள் மொபைலில் 3.30 ஆகும்போது கப்பலில் 4.30. ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலில் பொதுவாக அரை மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும். ஆக, 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே' என்று நீங்கள் டாக்கோ சாப்பிடும்போது அங்கே கதவை மூடிக்கொண்டிருப்பார்கள்.

தவறவிட்டால்? கப்பல் நிறுவனம் வழியாக எடுத்த டூர் தாமதமானால் காத்திருப்பார்கள், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவார்கள். நீங்களாகச் சுற்றப் போயிருந்தால் ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் உங்கள் செலவு.

இந்திய பாஸ்போர்ட் என்றால் தலைவலி கூடுதல். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் இருந்தால் அங்கே விதியும் வேறு. அறைப் பெட்டகத்தில் இருக்கும் பாஸ்போர்ட்டை ஊழியர்கள் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது உண்டு. அதை நம்பி இறங்க வேண்டாம்.

கப்பல் டூர் விலை அதிகம்தான். புன்டா லாங்கோஸ்டா துறையில் இறக்கினால் சான் மிகேல் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே பார்க்கலாம். படகேறி பிளாயா டெல் கார்மென் வரை போவதாக இருந்தால் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.