குஞ்சு வந்த வழியும் கோழி போன வழியும்

முற்றத்தில் பஞ்சாரம் கவிழ்த்துக் கோழி வளர்ப்பது நம் தாய்மார்களுக்கு வழிவழி வந்த பழக்கம். அடைக்கோழிக்கு முட்டை வைப்பார்கள். பருந்துக்கும் கீரிக்கும் தப்பிய குஞ்சுகளை வளர்த்தெடுப்பார்கள். விருந்து வந்தால் அறுப்பார்கள். மிஞ்சியதைத் தெருவில் வரும் கோழி வியாபாரியிடம் கொடுத்துக் கைச்செலவுக்குச் சேர்த்துக்கொள்வார்கள். பத்துக் கோழி வளர்ப்பவருக்கு அண்டை வீடும் அடுத்த தெருவுமே சந்தை. ஐந்நூறு கோழி வளர்ப்பவர் அவற்றை யாரிடம் விற்பார்?

ஒரு வீட்டுத் தொழில் பெருந்தொழிலாக வளர்ந்த வரலாறு இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்க நாட்டில், ஒரு சிற்றூர்ப் பெண்மணியின் கொட்டகைக்கும் நியூயார்க் நகரத்து யூதர்களின் அடுக்களைக்கும் இடையே நடந்த வரலாறு அது. ஹலால் பேணி உண்ணும் நமக்கு அதில் அந்நியமாகத் தோன்றுவது குறைவே.

மூன்று நாள் கட்டுச்சோறு

கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருவதற்குச் சற்று முன்னர், எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. படைத்தவன் கட்டிக்கொடுத்த அந்தக் கட்டுச்சோற்றைக் கொண்டு ஏறத்தாழ மூன்று நாள் தீனியும் நீருமின்றி உயிர் தரிக்கும். இவ்வியல்பைப் பயன்படுத்தி, 1892-ஆம் ஆண்டில் நியூஜெர்சி மாநிலத்து ஸ்டாக்டன் என்னும் ஊரிலிருந்து ஜோசப் வில்சன் என்பவர் ஒருநாள் குஞ்சுகளை ரயிலில் சிகாகோவுக்கு அனுப்பினார். 1918-இல் அமெரிக்க அஞ்சல் துறையும் குஞ்சுப் பெட்டிகளை ஏற்கலாயிற்று. அதன் பின்னர், பொரிப்பகம் ஓர் ஊரிலும் வாங்குவோர் வேறோர் ஊரிலும் இருப்பது தடையாகவில்லை. குஞ்சுக்குச் சந்தை பிறந்துவிட்டது.

வளர்ந்த கோழிக்கோ அத்தகைய சந்தை அப்போது இல்லை. முட்டைக்காகவே கோழி வளர்த்தார்கள். முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையும், வேண்டாத சேவலுமே இறைச்சிக்குப் போயின.

ஐம்பதும் ஐந்நூறும்

டெலவேர் மாநிலத்தில் ஓஷன் வியூ என்னும் கடலோரச் சிற்றூரில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி வாழ்ந்து வந்தார். கணவர் கடலோரக் காவற்படையில் பணியாற்றினார். முட்டைக் கோழிகளில் இறந்தவற்றை ஈடுசெய்ய ஆண்டுதோறும் ஐம்பது குஞ்சுகள் வாங்குவது அம்மையாரின் வழக்கம். 1923-ஆம் ஆண்டில் கணக்குப் பிழையால் ஐந்நூறு குஞ்சுகள் வந்து இறங்கின. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. சிறு கொட்டகை ஒன்று எழுப்பி வளர்த்தார். பதினெட்டு வாரங்களில் 387 கோழிகள் தேறின. இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையில் அவற்றைப் பவுண்டு 62 சென்ட் விலைக்கு விற்றார்.

அடுத்த ஆண்டு அம்மையார் தாமே கேட்டு ஆயிரம் குஞ்சுகள் வாங்கினார். 1926-க்குள் பத்தாயிரம் கோழிகளுக்கான கொட்டகை எழுந்தது. கணவரும் வேலையை விட்டுத் துணைக்கு வந்தார். பார்த்திருந்த அண்டை அயலார் பின்தொடர்ந்தனர். 1925-இல் டெலவேரில் இவ்வாறு வளர்க்கப்பட்ட கறிக்கோழிகள் ஐம்பதாயிரம். 1934-இல் அவை எழுபது இலட்சம். அம்மையாரின் முதற்கொட்டகை இன்று வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

வாங்கியவர் யார்?

எழுபது இலட்சம் கோழிகளை டெலவேர் மக்களால் உண்டு தீர்க்க இயலுமா? வடக்கே நியூயார்க் நகரம் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் அங்கே இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். பன்றி அவர்களுக்கு விலக்கு. கோழியாயினும் அவர்தம் மார்க்கச் சட்டப்படி, பயிற்சி பெற்றவர் கூரிய கத்தியால் அறுத்து, குருதி வடித்து, உள்ளுறுப்பில் குறையில்லை எனக் கண்ட பிறகே உண்பார்கள். எங்கோ கொன்று பனிக்கட்டியில் வைத்து வந்த கோழி அவர்களுக்கு ஆகாது. உயிர்க்கோழியே நகருக்கு வரவேண்டும். சனிக்கிழமை அவர்களின் ஓய்வுநாள் ஆதலின், அதை எதிர்நோக்கி வாரந்தோறும் கோழி விற்பனை சூடுபிடிக்கும்.

மார்க்கப் பேணுதலுள்ள ஒரு சமுதாயம், விலை ஏறினாலும் இறங்கினாலும் வாரம் தவறாமல் வாங்குகிறது. வளர்ப்பவருக்கு இதனினும் மேலான வாடிக்கை வேறென்ன வேண்டும்? 1924-இல் டெலவேர் மாநிலத்தின் நெடுக்கே புதிய நெடுஞ்சாலை நிறைவுற்றதும், உயிர்க்கோழிக் கூண்டுகள் லாரிகளில் வடக்கு நோக்கி விரைந்தன.

தராசும் நோயும்

நிலையான வாடிக்கை இருக்குமிடத்தில் நேர்மையற்றவர்களும் கூடுவர். விற்பதற்கு முன் கோழிக்கு மணலும் சரளையும் கலந்த தீனியைத் திணித்து, இரைப்பையை நிரப்பி, எடையைக் கூட்டிக் காட்டும் வழக்கம் நியூயார்க் சந்தையில் இருந்தது. வியாபாரிகள் தமக்குள் கூடி விலையைக் கட்டுப்படுத்தினர். 1914 நவம்பரில் பார்னெட் பாஃப் என்னும் பெருங்கோழி வியாபாரி சந்தைப் பகுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பகையின் வேர் கோழி வாணிபமே.

1924-இல் கொடிய பறவை நோய் நியூயார்க் உயிர்க்கோழிச் சந்தைகளில் கண்டு, கழுவப்படாத கூண்டுகள் வழியாகவும் ரயில் பெட்டிகள் வழியாகவும் பிற மாநிலங்களுக்குப் பரவிற்று. ஆயிரக்கணக்கில் கோழிகள் மடிந்தன. 1926-இல் அந்நகரில் அரசின் கோழிப் பரிசோதனை தொடங்கியது. நூறாண்டு கழிந்த பின்னரும் இவ்வச்சம் நீங்கவில்லை. 2025 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் காரணமாக நியூயார்க் நகரத்து உயிர்க்கோழிக் கடைகளைச் சில நாள் மூடுமாறு மாநில அரசு ஆணையிட்டது. இன்று அக்கடைகளை நாடுவோரில் ஹலால் பேணும் முஸ்லிம் குடியேறிகள் கணிசமானோர்.

கூண்டில் கை வைக்கும் உரிமை

1930களின் பொருளாதார நெருக்கடியில் ரூஸ்வெல்ட் அரசு தொழில்தோறும் விதிகளை வகுத்தது. உயிர்க்கோழி வாணிபத்திற்கும் ஒரு விதித்தொகுப்பு வந்தது. வாங்குபவர் கூண்டிலிருந்து தமக்கு வேண்டிய கோழியைப் பொறுக்கலாகாது, கைக்கு வந்ததையே எடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பார்த்துப் பொறுக்கி வாங்குவதோ நாட்பட்ட வழக்கம். புரூக்ளின் பகுதியில் கோழி அறுப்புக்கூடம் நடத்திய ஷெக்டர் சகோதரர்கள் நால்வர்மீது, இவ்விதியை மீறியதாகவும், நோயுற்ற கோழியை விற்றதாகவும், பிற குற்றங்களுக்காகவும் வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1935 மே 27 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அவ்விதிகளுக்கு அடிப்படையான தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தின் விதித்தொகுப்பு முறையே அரசியலமைப்புக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தனர். கோழிக் கூண்டில் தொடங்கிய வழக்கு ஒரு நாட்டின் பொருளாதாரத் திட்டத்தையே சாய்த்துவிட்டது!

வாங்குவோரைத் தேட வேண்டாத காலம்

1952-இல் டெலவேரின் செல்பிவில் ஊரில் கோழி வளர்ப்போருக்கான ஏல நிலையம் தோன்றியது. வளர்த்தவர் தம் கோழியை அறிவிப்பார். வாங்குவோர் போட்டியிட்டு விலை கேட்பர். அதற்குள் தீவன வியாபாரிகள் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தனர். விலை வீழ்ந்த ஆண்டுகளில் கடன் சுமையாயிற்று. நாளடைவில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, கொட்டகையும் உழைப்பும் மட்டும் விவசாயியுடையவை என்னும் ஒப்பந்த முறை நிலைபெற்றது. ஏலம் கேட்க ஆளின்றி 1960களின் இறுதியில் நிலையமும் மூடப்பட்டது. இன்று அவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட கோழிகள் வளர்கின்றன. வளர்ப்போர்க்கு அவை சொந்தமல்ல.

கொங்கு நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் 1990களில் வேரூன்றியதும் இம்முறையே. வாங்குவோரைத் தேடும் கவலை விவசாயியை விட்டு நீங்கிற்று. விலை சொல்லும் உரிமையும் உடன் நீங்கிற்று. வளர்ப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு நம் விவசாயிகள் போராட நேர்ந்ததன் காரணம் இதுவே.

ஆயினும் முற்றத்துக் கோழிக்கு இன்னும் இடமுண்டு. நாட்டுக்கோழிக்குக் கறிக்கோழியைவிடக் கூடுதல் விலை கொடுக்க மக்கள் ஆயத்தமாக உள்ளனர். வீட்டில் கோழி வளர்க்கும் நம் பெண்மக்கள் இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியவை சில உண்டு. அடை வைக்கும் முன்னரே இத்தனை குஞ்சுக்கு வாங்குவோர் யார் என்று எண்ணிக்கொள்வது நல்லது. சந்தைக்குப் போய்த் திரும்பிய கூடையைக் கழுவாமல் கோழிகளிடையே வைத்தல் ஆகாது. வாங்க வருபவர் கோழியைக் கையிலெடுத்துப் பார்க்க விரும்பினால் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. எடையில் நேர்மை நம் மார்க்கம் வலியுறுத்திக் கூறிய கடமை. பார்த்து வாங்கிச் சென்று மனநிறைவுடன் பிஸ்மி சொல்லி அறுத்தவர், அடுத்த பெருநாளைக்கும் அதே வீட்டின் கதவைத் தட்டுவார்.