கால்நடை மருத்துவத்தில் தனிமைப் பராமரிப்பு

தொற்றுநோய் கண்ட விலங்கை மற்றவற்றிடமிருந்து பிரித்து, தனி இடத்தில், தனிப் பணியாளரையும் தனிக் கருவிகளையும் கொண்டு பேணிச் சிகிச்சை அளிக்கும் முறை தனிமைப் பராமரிப்பு எனப்படும். நோயுற்ற உயிரைக் காப்பதும் நோய் வெளியே பரவாமல் தடுப்பதும் இதன் நோக்கங்கள். நோய் தொற்றியிருக்கலாம் என ஐயப்படும் விலங்கை நோயரும்பு காலம் முடியும்வரை விலக்கி வைப்பது தொற்றொதுக்கம்.

தொடக்க காலம்

நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நோயுற்ற மாட்டைப் பிரிக்க வேண்டும் என்பதை மந்தை வளர்த்தோர் அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, கொள்ளைநோய் தாக்கினால் மந்தையைச் சிறு பிரிவுகளாக்கித் தொலைவான இடங்களுக்கு அனுப்பவும், நோயுற்றவற்றை நலமானவற்றோடு கலக்காமல் வைக்கவும் அறிவுறுத்தினார்.

இம்முறையைச் செப்பமாக வளர்த்தது வெக்கை நோய். ரிண்டர்பெஸ்ட் எனப்பட்ட இந்நோய் கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவற்றுடன் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஐரோப்பாவில் பரவியபோது, போப்பின் மருத்துவரான ஜொவான்னி மரியா லான்சீசி, மாடுகளின் நடமாட்டத்தைத் தடுக்கவும் நோயுற்றவற்றைக் கொன்று புதைக்கவும் வழிகாட்டினார். மீறியோருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1714இல் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ் வகுத்த விதிகள் இன்னும் நுட்பமானவை. நோயுற்ற மாடு நின்ற கொட்டிலைக் கழுவிப் புகையிட்டு மூன்று மாதம் வெறுமையாக விட வேண்டும். அது மேய்ந்த நிலத்தில் இரண்டு மாதம் வேறு மாடு மேயக் கூடாது. நோயுற்றதைப் பார்ப்பவர் நலமானவற்றின் அருகே செல்லக் கூடாது. கொல்லப்பட்ட மாட்டுக்கு உரியவருக்கு இழப்பீடும் தரப்பட்டது. இழப்பீடு உண்டு என்பதால் உரிமையாளர்கள் நோயை மறைக்காமல் அறிவிக்க முன்வந்தனர். சில மாதங்களிலேயே நோய் அடங்கியது.

சட்டமும் அறிவியலும்

1865இல் இறக்குமதி மாடுகள் வழியே வெக்கை நோய் மீண்டும் பிரிட்டனுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் நோயுற்றவற்றைக் கொல்வதையும் நடமாட்டக் கட்டுப்பாட்டையும் கட்டாயமாக்கியது. அதே 1866இல் சென்னை மாகாணத்திலும் கால்நடை நோய்ப் பரவலைத் தடுக்கும் சட்டம் வந்தது. இந்திய மாட்டு நோய்களை ஆராயப் புணேயில் 1889இல் நிறுவப்பட்ட ஆய்வகம் பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது.

1898இல் ஜெர்மானிய அறிவியலாளர்களான ஃபிரெட்ரிக் லோஃப்லர், பவுல் ஃப்ரோஷ் இருவரும் கோமாரி நோய்க்குக் காரணமானது பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடக்கும் ஒன்று எனக் கண்டனர். விலங்குகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரசு இதுவே. ஆய்வுக்கூடத்திலிருந்து அது சுற்றுப்புற மாடுகளுக்குப் பரவியதால், 1910இல் லோஃப்லர் தம் ஆய்வைப் பால்டிக் கடலிலுள்ள ரீம்ஸ் தீவுக்கு மாற்றிக்கொண்டார்.

1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட மாடுகள் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது வெக்கை நோய் அங்கும் பரவியது. ஒரு நாட்டின் கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதை உணர்ந்த 28 நாடுகள் கூடி, 1924இல் பாரிசில் பன்னாட்டு விலங்குநோய் அமைப்பை நிறுவின. தடுப்பூசியும் தனிமைப்படுத்தலும் கண்காணிப்பும் ஒன்றிணைந்து வெக்கை நோயை ஒழித்தன. இந்தியாவில் 1995க்குப் பின் அது தோன்றவில்லை. 2011இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மருத்துவமனையில் தனிப்பிரிவு

1978இல் நாய்களிடையே உலகெங்கும் பரவிய பார்வோ வைரசு, சிறு விலங்கு மருத்துவமனைகளின் நடைமுறையை மாற்றியது. குட்டிகளுக்கு வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கும் இவ்வைரசு தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். ஆல்கஹால் கலந்த கைக்கழுவி இதை நம்பகமாக அழிக்காது. நீர்த்த வெளுப்புக் கரைசல் (பிளீச்) அழிக்கும். ஆனால் மலமும் சளியும் படிந்த இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. ஆகவே முதலில் சோப்பு நீரால் கழுவி, பிறகு கரைசலைத் தெளித்து, குறித்த நேரம் ஈரமாகவே விட வேண்டும்.

தனிப்பிரிவுக்கென ஒதுக்கிய வெப்பமானி, இதயத்துடிப்புமானி, தட்டு, விரிப்பு எவையும் வெளியே செல்லக் கூடாது. உள்ளே செல்வோர் மேலங்கியும் கையுறையும் காலணி உறையும் அணிந்து, வெளிவரும்போது அங்கேயே கழற்றிக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தனிப் பணியாளர் இல்லாத இடத்தில், நலமான விலங்குகளையும் தடுப்பூசி போடாத குட்டிகளையும் முதலில் கவனித்து, தனிப்பிரிவுக்குக் கடைசியாகச் செல்வது விதி. எலிக்காய்ச்சல், வெறிநோய் போல மனிதரைத் தாக்கும் நோய்களில் பணியாளரின் பாதுகாப்பும் இதில் அடங்கும்.

தனியறையில் அடைபட்ட விலங்கு அச்சமும் சோர்வும் கொள்ளும், உண்ண மறுக்கும். சொட்டு மருந்து ஏறுகிறதா, விரிப்பு நனைந்திருக்கிறதா, உடல் வெப்பம் என்ன என்று அடிக்கடி பார்ப்பதும், அருகிலிருந்து தட்டிக்கொடுத்து ஊட்டுவதும் சிகிச்சையின் பகுதிகளே. கதவைச் சாத்திவிட்டு மறந்துபோவது பராமரிப்பு ஆகாது.

இன்றைய நிலை

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அட்டவணையில் உள்ள நோய் ஏதேனும் இருக்கலாம் எனத் தோன்றினால் அதை அறிவிப்பதையும், அந்த விலங்கைப் பிரித்து வைப்பதையும் உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. 2019இல் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தோல் கழலை நோய் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவுவது. அதனால் மாட்டைத் தனியே கட்டுவதோடு பூச்சிகளை ஒழிப்பதும் இன்றியமையாதது.

ஒரே கொட்டிலில் எல்லா மாடுகளையும் கட்டும் சிறு விவசாயிக்குத் தனிக் கட்டடம் எட்டாத ஒன்று. எனினும், நோயுற்ற மாட்டைச் சற்றுத் தள்ளி நிழலில் கட்டுவது, அதற்கெனத் தனித் தண்ணீர்த் தொட்டி வைப்பது, நலமான மாடுகளில் பால் கறந்த பிறகே அதனிடம் செல்வது, உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிப்பது ஆகியன எவராலும் இயலும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பேட்ஸ் வகுத்த விதிகளின் சாரம் இதுவே; அது இன்றும் பயன் தருகிறது.