நிரையும் நிரலும்: வேலம்பாளையம் ஏறிய அட்டவணை

புள்ளியியல் கணிமையில் வெக்டார்களையும் அணிகளையும் நிரல்களாகப் பக்கவாட்டில் ஒட்டுவது சிபைண்ட் (cbind). நிரைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது ஆர்பைண்ட் (rbind). இன்று ஆர் மொழியில் புழங்கும் இவ்விரு கட்டளைகளும் அதற்கு மூத்தவை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழுவினர் 1976இல் தொடங்கிய எஸ் மொழியில் இவை இருந்தன; பெக்கர், சேம்பர்ஸ், வில்க்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட நூல் இவற்றை விவரிக்கிறது. ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆர் மொழியை உருவாக்கியபோது, இக்கட்டளைகளின் பெயரோடு குணங்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஆர் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வெளியானது.

அந்தக் குணங்களில் ஒன்று சற்றே ஆபத்தானது. ஆறு ஊர்கள் உள்ள அணிக்கு அருகில் மூன்றே எண்கள் கொண்ட வெக்டாரை ஒட்டினால், சிபைண்ட் அதே மூன்றை மறுபடி எழுதி ஆறாக்கிவிடும், வாயே திறக்காது. நான்கு எண்கள் கொடுத்தால்தான் எச்சரிக்கும். ஆர்பைண்ட் அணிகளை அடுக்கும்போது நிரலின் பெயரைப் பார்ப்பதில்லை, இடத்தையே பார்க்கிறது. பெயர் பார்த்துச் சேர்ப்பது டேட்டா ஃப்ரேம் எனப்படும் அட்டவணை வடிவத்துக்கு மட்டுமே.

திருப்பூரின் மக்கள்தொகைக் கணக்கு, அட்டவணைகளை இப்படி ஒட்டி அடுக்கும் வேலைக்குக் கடினமான பாடம். 2001 கணக்கெடுப்பில் திருப்பூர் மாவட்டமே இல்லை. கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2009இல்தான் அது உருவானது. ஆகவே 2001க்கான மாவட்ட அட்டவணை வேண்டுமென்றால், பல்லடம், உடுமலை போன்ற பகுதிகளைக் கோவையிலிருந்தும், தாராபுரம், காங்கேயம் போன்றவற்றை ஈரோட்டிலிருந்தும் எடுத்து அடுக்க வேண்டும். அதன்பிறகே 2011 நிரலை அருகில் ஒட்ட முடியும்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த 15 வேலம்பாளையத்தில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. 2011 பிப்ரவரியில் தலை எண்ணியபோது அது தனி நகராட்சி, தனி நிரை. அதே ஆண்டில் நல்லூர் நகராட்சியோடும் சுற்றியுள்ள ஊராட்சிகளோடும் சேர்ந்து திருப்பூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. அதனால் ஒரே கணக்கெடுப்பில் திருப்பூருக்கு இரண்டு எண்கள்: பழைய எல்லைக்கு 4,44,352, விரிந்த எல்லைக்கு 8,77,778. இரண்டாவது எண்ணுக்குக் கீழே வேலம்பாளையம் நிரையையும் அடுக்கினால், அவ்வூர் மக்கள் இருமுறை எண்ணப்படுவார்கள். ஆர்பைண்டுக்கு அது தெரியாது, பிழைச்செய்தியும் வராது.

திருப்பூர் தரவைக் கையாள்பவர்கள், எந்தத் தேதியின் எல்லை என்பதைத் தனி நிரலாக எழுதிவிட்டு அட்டவணைகளைச் சேர்ப்பது நல்லது.