பியரைக் கெடுத்தது யார்?

வீட்டில் முதன்முதலாகப் பியர் வடிக்கிறவர்கள், ருசி சரிவராவிட்டால் உடனே செய்முறையைத்தான் மாற்றுவார்கள். பார்லி முளைமாவைக் கூட்டுவார்கள், ஹொப்ஸ் பூவை மாற்றுவார்கள். பழகின கைகள் சொல்லும் புத்திமதி வேறு: பாத்திரத்தை வடிவாய்க் கழுவு, நொதிக்கிற இடத்தைச் சூடாக விடாதே, நல்ல மதுவம் போடு. கேட்கச் சாதாரணமாய் இருக்கு. ஆனால் இதற்கான காரணம் பெரிய ஆலைக்காரர்களுக்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் விளங்கியது.

1516இல் பவேரியாவில் போட்ட பியர்ச் சட்டம் மூன்று பொருட்களை மட்டும்தான் சொல்கிறது: பார்லி, ஹொப்ஸ், தண்ணீர். மதுவத்தின் பேரே இல்லை! அது உயிருள்ள ஒன்று என்பது அப்போது யாருக்கும் தெரியாது. போனமுறை வடித்ததின் மண்டியை எடுத்து அடுத்த தடவைக்கு ஊற்றுவார்கள். நல்ல மண்டி என்றால் அதிர்ஷ்டம். கெட்டது என்றால் அந்தக் கேடும் பீப்பாய்க்குப் பீப்பாய் கூடவே வரும்.

1870-71 போரில் பிரான்ஸ் ஜெர்மனியரிடம் தோற்றது. லூயி பாஸ்டருக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை; பியரிலாவது அவர்களை வெல்லவேண்டும் என்று கிளம்பினார். (ஆராய்ச்சிக்கு இப்படியும் ஒரு காரணம்.) 1871இல் லண்டன் விற்பிரெட் ஆலைக்குப் போய், கொஞ்ச மதுவம் வாங்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அதற்குள் வேண்டாத உயிர்கள் கலந்திருக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு கிழமை கழித்து அவர் திரும்பப் போனபோது ஆலைக்காரர் சொந்தமாக ஒரு நுணுக்குக்காட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

பாஸ்டர் பற்றீரியாவைத்தான் முக்கிய எதிரியாகப் பார்த்தார். மிச்சத்தைக் கண்டுபிடித்தவர் கோப்பன்ஹேகனில் எமில் ஹன்சன். அங்கே கார்ல்ஸ்பேர்க் ஆலையை நடத்திய ஜே. சி. ஜேக்கப்சன், 1845இல் மியூனிக்கில் இருந்து மதுவத்தைக் கொண்டுவந்தவர். வண்டி நிற்கிற இடமெல்லாம் இறங்கி அதற்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாராம். அப்படிக் காப்பாற்றி வளர்த்த மதுவமும் 1880களில் கெட்டுப்போனது. காட்டு மதுவம் உள்ளே புகுந்திருக்கிறது என்று ஹன்சன் காட்டினார். கரைசலை ஐதாக்கி ஐதாக்கி ஒரேயொரு கலத்தைப் பிரித்து, அதிலிருந்தே முழுவதையும் வளர்த்தார். 1883 நவம்பரில் அந்தத் தூய மதுவம் ஆலையில் இறங்கியது. ஜேக்கப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை, கேட்ட ஆலைகளுக்கும் கொடுத்தார். தன் ஆய்வுகூடத்தின் முடிவு எதையும் இரகசியமாக வைக்கக்கூடாது என்பது அவர் எழுதிவைத்த விதி.

பிரித்தானியாவில் 1963இலும் அமெரிக்காவில் 1978இலும் வீட்டில் வடிப்பதற்கு இருந்த சட்டத்தடை தளர்ந்தபிறகு, தூய மதுவம் சின்னப் பைக்கற்றாகக் குசினிக்கே வந்தது. இலங்கையில் அனுமதியில்லாமல் வடித்தால் இன்றைக்கும் குற்றம்தான்.

ஆனால் மதுவத்தைக் கண்ணால் காணாமலே அதை அடக்கத் தெரிந்தவர்கள் எங்கட ஊர்களிலும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பனை சீவுகிறவர் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர்; காய்ச்சினால் பனங்கட்டி. பூசாமல் கட்டினால் அதே பாளையில் இருந்து கள்ளு. சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் பெருகாது, பூசாத முட்டியில் பழைய மண்டியே அடுத்த நொதித்தலைத் தொடக்கிவிடும். பவேரியச் சட்டத்துக்குத் தெரியாத பொருளை இவர்கள் ஒரு பூச்சால் கட்டுப்படுத்தினார்கள். ஹன்சனுக்கு ஆய்வுகூடமும் சம்பளமும் கிடைத்தன. இவர்கள் இறக்கிய கள்ளை ஊர் பிளாவில் வாங்கிக் குடித்தது, பிறகு இவர்களை வீட்டுப் படலைக்கு வெளியிலேயே நிறுத்தியது.