வாதத்திற்கும் ஓர் அதபு உண்டு

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிலோடு இல்மும் வளர்ந்தது என்பதை நம் பகுதியின் வரலாறு அறிந்தோர் மறுக்க மாட்டார்கள். வேலூரில் பாகியாத்துஸ் ஸாலிஹாத், வாணியம்பாடியில் 1919இல் எழுந்த இஸ்லாமியாக் கல்லூரி, ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் தோல் வணிகரான காகா முஹம்மது உமர் சாஹிப் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்று கல்வி நிலையங்கள் இங்கே வரிசையாய் நிற்கின்றன. இந்நிலையங்கள் நமக்கு அளித்த செல்வங்களுள் ஒன்றை மட்டும் நாம் இன்று ஏறக்குறைய மறந்துவிட்டோம். மாற்றுக் கருத்துடையவரோடு வாதம் புரியும் கலையே அது.

இன்று வாதத்திற்குக் குறைவில்லை. தொழிற்சாலையிலிருந்து திரும்பும் இளைஞர் இரவு நெடுநேரம் கைப்பேசியை ஏந்திக் கொண்டு, பேரும் ஊரும் அறியாத ஒருவரோடு அரசியலையும் மார்க்கத்தையும் உலக நடப்பையும் பற்றி மல்லுக்கு நிற்கிறார். விடியும்போது இருவரும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள். நெஞ்சில் மட்டும் கசப்பு மிகுந்திருக்கிறது. வாதம் மிகுந்து அதன் ஒழுங்கு குறைந்துபோன இக்காலத்தில், நம் முன்னோர் அதை எவ்வாறு கையாண்டார்கள் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

அரபு மதரஸாக்களில் இதற்கென்றே ஒரு கலை உண்டு. அதற்கு 'முனாழரா' என்று பெயர். ஹிஜ்ரி 816இல் மறைந்த சையித் ஷரீஃப் ஜுர்ஜானி அவர்கள் இக்கலையில் ஒரு சிறு நூல் யாத்தார்கள். அதற்கு நம் நாட்டு ஜவுன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீது அவர்கள் விரிவுரை எழுதினார்கள். 'ரஷீதிய்யா' என்னும் அவ்விரிவுரை, நிஜாமிய்யாப் பாடத்திட்ட மரபில் நெடுங்காலம் பாடநூலாய் இருந்தது.

அந்நூல் வாதத்தை மூன்றாகப் பகுக்கிறது. உண்மை வெளிப்பட வேண்டும் என்னும் நோக்கத்தோடு இருவர் ஒரு பொருளை ஆராய்வது முனாழரா. எதிரியின் வாயை அடைப்பதே நோக்கமாயின் அது முஜாதலா. உண்மையும் வேண்டாம், எதிரியை வாதத்தால் வெல்வதும் வேண்டாம், வீம்பு ஒன்றே போதும் என்றிருப்பது முகாபரா. இம்மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நிய்யத்து ஒன்றே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

இக்கலையின் விதிகளும் எளியவை. ஒரு கருத்தை நாட்டுபவர் 'முத்தஈ'. ஆதாரம் காட்டும் சுமை அவருடையது. வினவுபவர் 'ஸாயில்', ஆதாரம் கேட்பதற்கும், காட்டிய ஆதாரத்தின் குறையைச் சுட்டுவதற்கும், அதற்கு நிகரான எதிர் ஆதாரம் கொணர்வதற்கும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் முத்தஈ தம் ஆதாரத்தைக் கூறு முன்பே குறுக்கே புகுந்து, அவர் கூற்று பொய்யென்று நாட்டத் தொடங்குவது அவருடைய இடத்தைப் பறிப்பதாகும். இதை 'கஸ்பு', அதாவது அபகரிப்பு என்றே ஆலிம்கள் அழைத்தார்கள். பிறர் கூற்றை எடுத்துரைப்பவர் அது எங்கிருந்து வந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. வந்த செய்தியை வந்தபடியே நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு, 'எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்' என்று நழுவுவதற்கு அங்கே இடமில்லை.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றவை அல்ல. 1854ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் ஆக்ராவில் நிகழ்ந்த விவாதம் இதற்குச் சான்று. ஒரு பக்கம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்கள். அவர்களுக்குத் துணையாக டாக்டர் வஸீர்கான். மறுபக்கம் 'மீஸானுல் ஹக்' என்னும் நூலை இயற்றிய ஜெர்மானியப் பாதிரியார் ஃபாண்டர். அவருக்குத் துணையாகப் பாதிரியார் ஃபிரெஞ்சு. எவ்வெப் பொருள்களைப் பற்றி, எந்த வரிசையில் வாதிப்பது என்பதை இரு தரப்பாரும் கடிதங்கள் மூலம் முன்னதாகவே முடிவு செய்துகொண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் வாதம் நடந்தது.

கைரானவி அவர்கள் வெறும் ஆவேசத்தோடு அவ்வவைக்குச் செல்லவில்லை. ஐரோப்பிய அறிஞர்களே பைபிளின் மூலப் பிரதிகளைக் குறித்து எழுதிய ஆய்வுகளை டாக்டர் வஸீர்கானின் உதவியால் அறிந்துகொண்டு சென்றார்கள். எதிர்த்தரப்பாரின் நூல்களை அவர்களைப் போலவே கற்றறிந்த பின்னரே வாய் திறந்தார்கள். பிரதிகளில் சிற்சில இடங்களில் வேறுபாடுகள் நேர்ந்துள்ளன என்பதை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அடிப்படைக் கொள்கைக்கு அதனால் ஊறு இல்லை என்றார். அவ்வளவை ஒப்புக்கொண்டபின் முழுமையையும் எவ்வாறு நம்புவது என்று கைரானவி அவர்கள் வினவினார்கள். இரண்டு நாட்களோடு வாதம் நின்றது. வெற்றி தமக்கே என்று இரு தரப்பாரும் சொல்லிக்கொண்டார்கள்.

அப்படியாயின் அதனால் விளைந்த பயன் என்ன? 1857 கிளர்ச்சிக்குப் பின் கைரானவி அவர்களின் சொத்துகள் பறிமுதலாகி ஏலம் போயின. அவர்கள் மக்காவிற்கு ஹிஜ்ரத் செய்தார்கள். பின்னர் கான்ஸ்டாண்டிநோபிளில், அவ்விவாதப் பொருள்களை விரித்து 'இழ்ஹாருல் ஹக்' என்னும் அரபு நூலை 1864இல் எழுதினார்கள். கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லதுன்னிஸா பேகம் அளித்த பொருளுதவியால் மக்காவில் ஸவ்லதிய்யா மதரஸாவையும் நிறுவினார்கள். அவையின் ஆரவாரம் அன்றே அடங்கிவிட்டது. நூலும் மதரஸாவும் நிலைத்தன. அவர்களிடம் மக்காவில் பாடம் கேட்டவர்களுள் நம் வேலூர் அஃலா ஹஜ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் அவர்களும் ஒருவர். அவர்கள் ஊர் திரும்பி வளர்த்த கலாசாலையே பாகியாத்து. ஆக்ராவின் அறிவுச் சுடர் மக்காவின் வழியாக வேலூருக்கு வந்து சேர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

அச்சுடர் தமிழிலும் ஒளிவிட்டது. இறைமறையைத் தமிழில் பெயர்க்கலாமா என்ற கருத்து வேறுபாடு நம் சமுதாயத்தில் வலுத்திருந்த காலம் ஒன்று உண்டு. பாகியாத்தில் ஓதிய ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் பல்லாண்டு உழைத்து, தமிழில் முதன்முதலாக முழுமையான திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பை ஆக்கித் தந்தார்கள். பல்லாயிரம் சொற்போர்களால் தீராத ஐயத்தை அந்த ஒரு நூலின் பயன் தீர்த்தது. உமராபாத்திலோ, வெவ்வேறு மத்ஹபுகளைச் சார்ந்த மாணவரும் அஹ்லெ ஹதீஸ் மாணவரும் ஒருங்கே அமர்ந்து ஓதுகின்றனர். கருத்தால் வேறுபட்டவரை அருகிலிருந்து அறிந்தவர் அவரைப் பற்றி அவதூறு பேசத் துணிவதில்லை.

வாதத்தின் தீங்கையும் நம் இமாம்கள் மறைக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வின் கல்வி பற்றிய பகுதியில், பொறாமை, பெருமை, பகைமை, புறம்பேசுதல் ஆகியவை வாதத்திலிருந்து கிளைப்பதை விரித்துரைக்கிறார்கள். காணாமற்போன பொருளைத் தேடுபவன், அது தன் கையில் கிடைத்தாலும் தோழன் கையில் கிடைத்தாலும் மகிழ்வான். உண்மையைத் தேடுபவனும் அத்தகையவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று. கூட்டத்தின் முன் வாதிப்பதினும் தனிமையில் வாதிப்பதே மேல் என்பது இன்னொன்று. காண்போர் மிகுந்தால் நஃப்ஸும் மிகும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

'அநியாயமான சொல்லைக் கேட்டு வாளாவிருக்கச் சொல்கிறீரா?' என்று இளைஞர் கேட்கலாம். இல்லை. கைரானவி அவர்கள் வாளாவிருக்கவில்லை. திருமறையும், விவாதிப்பதாயின் அழகிய முறையில் விவாதிக்குமாறே நஹ்ல் அத்தியாயத்தில் பணிக்கிறது. ஆயின், பொருளை வரையறுக்காமல், ஆதாரத்தைச் சோதிக்காமல், எதிரே இருப்பவர் யார் என்றும் அறியாமல் பேசுவது முனாழரா ஆகாது, முகாபராவே ஆகும்.

நம் தோல் தொழிற்சாலைகளில் முஸ்லிமும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் உழைத்து உண்கின்றனர். முகமறியாத ஒருவரை நோக்கி இரவில் வீசப்பட்ட கடுஞ்சொல், காலையில் நம்மோடு உழைப்பவரின் செவிக்கும் எட்டுகிறது. வாதத்தில் தோற்றவர் மறுநாள் மீண்டும் வாதிக்கலாம். அண்டை அயலாரின் நம்பிக்கையை இழந்தவர் அதை மீட்க ஒரு தலைமுறை ஆகும். ஆதலின் பிள்ளைகளுக்கு வாதிக்காதே என்று சொல்வதைவிட, வாதிக்கும் முறையைக் கற்பிப்பதே பெற்றோர் கடன். ஆதாரம் எங்கே என்று கேட்கும் பழக்கத்தையும், தம் ஆதாரம் பிழையென்று கண்டால் ஒப்புக்கொள்ளும் துணிவையும் வீட்டிலேயே பழக்குவோமாக. ரஷீதிய்யாவை ஓதாத பிள்ளைக்கும் அதன் சாரம் அவ்வாறு கிட்டிவிடும்.