பம்புசெட் வழியே வரும் கடல்: ஆரணி – கொசஸ்தலைப் படுகையின் உவர்நீரும் காலநிலை மாற்றமும்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் கிணற்று நீருக்குப் பேச்சுவழக்கில் மூன்று தரம் உண்டு: நல்ல தண்ணீர், சப்பைத் தண்ணீர், உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். சப்பைத் தண்ணீரில் அது நேரமெடுக்கும். அந்தத் தண்ணீரில் போட்ட டீ நாக்கில் ஒட்டாது. உப்புத் தண்ணீரில் சோப்புகூட நுரைக்காது. அதைப் பாய்ச்சிய வயல், வெயிலில் வரப்போரமாக வெள்ளை பூத்துக் கிடக்கும். ஒரு தலைமுறைக்குள் முதல் தரத்திலிருந்து மூன்றாம் தரத்துக்கு இறங்கிப்போன கிணறுகள் இங்கே ஏராளம். அந்த இறக்கத்தில் காலநிலை மாற்றத்தின் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கொசஸ்தலை ஆறும் ஆரணியாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணற்படுகை, நீரைத் தேக்கிவைப்பதில் மிக வளமானது. அதனால்தான் சென்னை நகரத்துக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் எடுக்க மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைத்தார்கள். 1960களின் இறுதியிலேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டனர். பின்வந்த சில பத்தாண்டுகளில் அது பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே வந்தது. காலநிலை மாற்றம் என்ற சொல் நம் செய்தித்தாள்களில் அடிபடுவதற்கு முந்தைய கதை இது.

இதன் அறிவியல் எளிமையானது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே கரையோர நிலத்தடியில் நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். யாழ்ப்பாணம் புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீரும் ஆழத்தில் உப்பு நீரும் இருப்பது இந்த அடுக்கின் கண்கூடான சான்று.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. அந்தக் காலம் முழுவதற்கும் சேர்த்தால் சுமார் 8 சென்டிமீட்டர். நிலத்தடி நீர்மட்டம் கூடவே உயராத இடத்தில், இந்த 8 சென்டிமீட்டர் மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட நன்னீர் ஆழத்தைக் கரைத்துவிடும். இது சிறிய இழப்பு அல்ல. ஆனால் மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை ஒரே ஒரு மீட்டர் இறக்கினால் இழப்பு 40 மீட்டர். மீஞ்சூரிலோ நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழேயே போயிருக்கிறது.

அப்படியானால் இங்கே காலநிலை மாற்றம் பொருட்டே இல்லை, எல்லாம் இறைப்பின் வினை என்று சொல்லிவிடலாமா? இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, இறைப்பு எப்போது கூடுகிறது என்பதில் இருக்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டபோது சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்தும் வந்தது. 2003–04 வறட்சியிலும் விவசாயிகளிடம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி நகரத்தின் தாகம் தீர்த்தார்கள். மழை பொய்த்து மணற்படுகை இளைத்துக் கிடக்கும் அதே ஆண்டில்தான் மோட்டார்களும் ஓயாமல் ஓடுகின்றன. வானம் செய்யும் குறையைப் பம்புசெட் பல மடங்காக்கிக் கடலுக்கு வழிவிடுகிறது.

ஒரு குறிப்பிட்ட வறட்சியைப் புவி வெப்பத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல. மழையின் குணம் மாறுவதற்கான இயற்பியல் மட்டும் உறுதியானது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பெரும்பகுதி வெள்ளமாக ஓடிக் கடலில் சேர்ந்தது. 2015 போன்ற பெருமழை ஆண்டுகளில் கிணறுகள் ஏறியதும் உண்மைதான். ஆனால் உப்பேறிய மணலைக் கழுவ ஒரு கார்த்திகை போதாது. நின்று பெய்து, ஏரியில் தேங்கி, மெல்ல இறங்கும் நீரே அதைச் செய்யும்.

அந்த ஏரிகளுக்கு நீர் வரும் நிலத்தை நாம் என்ன செய்தோம்? கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தபோது, தங்கள் மேய்க்காலும் காடும்தான் ஏரிகளுக்கு நீர்வரத்து என்று ஊர்மக்கள் போராடினார்கள். அது வெறும் நில உரிமைக் குரலாக மட்டுமே கேட்கப்பட்டது. அவர்கள் சொன்னது நீரியல். அதே வட்டத்தில் 2020இல் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் சென்னைக் குடிநீருக்காகத் திறக்கப்பட்டது. நகரத்துக்கு நீர் சேமிக்கும் அக்கறை, நிலத்தடிக்கு நீர் இறக்குவதிலும் இருந்திருக்க வேண்டும்.

கரையோரத்திலும், எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடாத எச்சரிக்கை தேவை. வடசென்னையில் கடல் ஊரைத் தின்றதற்குப் பெருங்காரணம், 19ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய துறைமுகம் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததே. பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதிலும் அலையின் பங்கோடு, ஆற்றிலிருந்து வரும் நீர் குறைந்ததன் பங்கும் உண்டு. உயரும் கடல் இந்தப் பழைய காயங்களின்மேல்தான் ஏறுகிறது.

2010இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை திறக்கப்பட்டது. நகரத்துக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீர் குழாயில் சென்னைக்குப் போகிறது, மணற்படுகைக்குள் இறங்குவதில்லை. படுகைக்கு வேண்டியவை வேறு: ஆரணியிலும் கொசஸ்தலையிலும் தடுப்பணைகள், தூர்வாரிய ஏரிகள், கரையை ஒட்டிய பட்டையில் இறைப்புக்கு வரம்பு, வறட்சி ஆண்டில் அந்தப் பட்டையிலிருந்து நகரத்துக்கு நீர் வாங்கக்கூடாது என்ற விதி. ஒவ்வொரு தை மாதமும், மழைக்காலம் முடிந்த கையோடு, மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வரை ஊர் ஊராக நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். கோடையில் எத்தனை மோட்டார் ஓடலாம் என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவு செய்யவேண்டும்.